சொல்லி அனுப்புகிறோம்

சட்ட இதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவுக்குத் தேர்வு எழுதிவிட்டு, முடிவு வராமல் தவிக்கும் பிள்ளைகளை எங்கள் ராயபுரம் கல்மண்டபத்திலேயே இப்போது பார்க்கிறேன். 'கிளாட்' நுழைவுத் தேர்வு எழுதி வெளியூர் தேசிய சட்டப் பள்ளிக்குப் போனவர்கள் சிலர். பட்டறைப்பெரும்புதூரிலோ புதுப்பாக்கத்திலோ அரசு சட்டக் கல்லூரியில் படிப்பவர்கள் சிலர். விடுமுறைக்கு வந்தால் தெருமுனையில் நின்று போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது. இதே மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவன் நான். பிறகு பல ஆண்டுகள் இளைஞர்கள் எழுதிய தாள்களைத் திருத்தி, யாரை எடுப்பது என்று முடிவு செய்யும் இடத்திலும் இருந்தேன்.

என் தொழிலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வக்கீல் என்றால் கோர்ட்டில் நின்று வாதாடுபவர் என்றுதான் ஊரில் நினைப்பார்கள். நான் வாதாடியது குறைவு. தீர்ப்புகளைப் படித்து, எது சட்ட இதழில் ஏற வேண்டியது என்று பொறுக்கி, அதற்கு ஹெட்நோட், அதாவது சுருக்கக் குறிப்பு, எழுதுவதுதான் என் வேலை. உயர் நீதிமன்றத் தீர்ப்பின் கடைசியில் 'இன்டெக்ஸ்: எஸ் / நோ' என்று ஒரு வரி இருக்கும். சட்டப் புள்ளி ஏதாவது அதில் உண்டா, வழக்கமான உத்தரவுதானா என்பதற்கான முதல் அடையாளம் அது. அதை மட்டும் நம்பி உட்கார முடியாது. 'நோ' போட்ட உத்தரவில்கூடச் சில நேரம் நல்ல புள்ளி ஒன்று ஒளிந்திருக்கும். நாற்பது பக்கத் தீர்ப்பை முழுக்கப் படித்து, அதில் நீதிமன்றம் தீர்மானித்தது என்ன என்பதை ஐந்தாறு வரிக்குள் சொல்ல வேண்டும். காலை பத்தரை மணிக்கு முன்னால் ஒரு ஜூனியர் அந்த ஐந்தாறு வரியைப் படித்துவிட்டுத்தான் முழுத் தீர்ப்பையும் பார்க்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார். அங்கே ஒரு சொல் பிசகினால் அவருடைய கட்சிக்காரர் அனுபவிப்பார்.

இந்த வேலைக்குச் சென்னையில் நீண்ட பரம்பரை இருக்கிறது. தீர்ப்புகளை அதிகாரபூர்வமாகத் தொகுப்பதற்கு 1875ல் சட்டம் வந்தது. அதன்படி 'இந்தியன் லா ரிப்போர்ட்ஸ்' மெட்ராஸ் வரிசை 1876ல் தொடங்கியது. அது போதாது என்று நினைத்த மயிலாப்பூர் வக்கீல்கள், எஸ். சுப்பிரமணிய அய்யரும் வி. கிருஷ்ணசாமி அய்யரும் பி.ஆர். சுந்தரம் அய்யரும் சேர்ந்து 1891ல் 'மெட்ராஸ் லா ஜர்னல்' தொடங்கினார்கள். சென்னைச் சட்டக் கல்லூரிக்கும் அதே 1891தான். 1914ல் 'லா வீக்லி' வந்தது. நாக்பூரின் ஏ.ஐ.ஆர்., லக்னோவின் எஸ்.சி.சி. எல்லாம் பின்னால் சேர்ந்துகொண்டவை. இவை வக்கீல்கள் வக்கீல்களுக்காக நடத்திய இதழ்கள். மாணவர்களுக்கு அவற்றில் இடம் இருக்கவில்லை.

அமெரிக்காவில் கதை வேறு. ஹார்வர்ட் லா ரிவ்யூவை 1887ல் மாணவர்களே தொடங்கினார்கள். இன்றுவரை மாணவர்களே நடத்துகிறார்கள். பேராசிரியர் எழுதிய கட்டுரையை ஏற்பதும் திருப்பி அனுப்புவதும் இருபது சொச்சம் வயதுப் பிள்ளைகள்தான். அந்த இதழில் 1890 டிசம்பரில் சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் இருவரும் அந்தரங்க உரிமை பற்றி எழுதிய கட்டுரையை, 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு எடுத்துப் பேசியது. மாணவர்கள் சரிபார்த்து அச்சேற்றிய பக்கங்கள் 126 ஆண்டு கழித்து டெல்லியில் வந்து நிற்கின்றன. அதனால்தான் அந்தக் குழுவில் யார் உட்காருகிறார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. அதில் முதல் கறுப்பின ஆசிரியராகச் சேர்ந்த சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் 1920களின் தொடக்கத்தில்தான் உள்ளே வர முடிந்தது. பின்னால் அவரிடம் சட்டம் படித்த தர்குட் மார்ஷல்தான் பள்ளிகளில் நிறப் பிரிவினையை எதிர்த்து வாதாடி 1954ல் வென்றவர். அந்த இதழின் தலைவர் பொறுப்புக்கு ஒரு கறுப்பின மாணவர் வர 1990 ஆனது. அவர் பராக் ஒபாமா.

நம் நாட்டில் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி 1988ல் வகுப்பு தொடங்கியதற்குப் பிறகுதான் மாணவர்கள் நடத்தும் சட்ட இதழ் என்பது ஊன்றியது. இன்று பல தேசிய சட்டப் பள்ளிகளில் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. இடம் பத்து, பன்னிரண்டு. கேட்டு வருகிறவர்கள் அதைப்போலப் பல மடங்கு.

நான் படித்த காலத்தில் சட்டக் கல்லூரி உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருந்தது. கல்மண்டபத்தில் பஸ் ஏறினால் பாரிமுனை. பஸ் காசு இல்லாத நாளில் ராஜாஜி சாலை வழியாக நடந்தே போய்விடலாம். மத்தியானம் வகுப்பு முடிந்ததும் கோர்ட் ஹாலில் போய் நின்று வாதம் கேட்போம். 2018ல் கல்லூரி ஊருக்கு வெளியே போய்விட்டது. கோர்ட்டின் காற்று படாமல் சட்டம் படிக்கிற நிலை எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு வந்ததில் எனக்கு இன்னமும் வருத்தம் உண்டு.

தீர்ப்புகளைத் தொகுக்கும் ரிப்போர்ட்டராக வேண்டும் என்ற ஆசை எனக்கு எப்படி வந்தது என்று கேட்டால், அப்பாவைச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட்டிடம் வேலை பார்த்தவர் அவர். சரக்கைக் காலத்தில் எடுக்காவிட்டால் துறைமுகம் வசூலிக்கும் டெமரேஜ் என்ற சொல் எங்கள் வீட்டில் அரிசி, பருப்பு மாதிரிப் புழங்கியது. கல்லூரி நூலகத்தில் ஒரு நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்துக்கும் அமீன்சந்த் பியாரேலால் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கின் தீர்ப்பு கண்ணில் பட்டது. உச்ச நீதிமன்றம் 1975ல் தீர்த்த வழக்கு. ஹெட்நோட்டைப் படிக்காமல் கையால் மூடிக்கொண்டு தீர்ப்பை மட்டும் படித்தேன். வீட்டுக்கு வந்து நானே ஒரு ஹெட்நோட் எழுதினேன். ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டது. அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"சரக்கு நின்னது பார்ட்டி தப்பா?"

"இல்லப்பா."

"ஹார்பர் தப்பா?"

"அதுவும் இல்ல."

"அப்ப காசு யார் குடுக்கணும்னு ஜட்ஜ் சொன்னாரு?"

"பார்ட்டிதான்."

"இதத்தான எழுதணும்? இதுக்கு எதுக்குப்பா ஒரு பக்கம்?"

அன்று ராத்திரி திரும்ப எழுதினேன். 'துறைமுகம் – டெமரேஜ் – சரக்கை எடுக்க முடியாமல் போனதில் இறக்குமதியாளர்மீது தவறில்லை – ஆனாலும் தன் கட்டண விகிதப்படி டெமரேஜ் வசூலிக்கத் துறைமுகத்துக்கு உரிமை உண்டு.' மறுநாள் நூலகத்தில் அச்சில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சட்டப் பிரிவுகளை நான் விட்டிருந்தேன். சாரம் சரியாக இருந்தது. சட்டம் தெரியாத ஒருவர் கேட்ட மூன்று கேள்விக்குள் ஒரு தீர்ப்பு அடங்கியது. இந்தக் கேள்விகளை எந்தத் தீர்ப்பிடமும் கேட்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் கேட்கிறேன்.

வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு ஜார்ஜ் டவுனில் ஒரு சேம்பரில் ஜூனியராகச் சேர்ந்த பிறகு, ஓர் இதழுக்கு ரிப்போர்ட்டர் தேவை என்று கேள்விப்பட்டேன். அந்த இடங்களுக்கு அப்போது விளம்பரம் வராது. யாராவது ஒரு சீனியர் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். என் சீனியர் கொடுத்தார். இதழின் ஆசிரியர் ஒரு தீர்ப்பின் நகலைக் கையில் கொடுத்து, ஹெட்நோட் எழுதிக்கொண்டு திங்கட்கிழமை வரச் சொன்னார். திங்கட்கிழமை போனேன். வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டின் கீழ் வைத்தார். "சொல்லி அனுப்புறோம்" என்றார்.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. கல்மண்டபம் மார்க்கெட் பக்கத்தில் இருந்த மளிகைக் கடையின் பி.பி. நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். கடைக்காரர் நல்ல மனிதர். என் தலையைக் கண்டாலே அவரே முந்திக்கொண்டு, "ஒண்ணியும் வர்லப்பா" என்பார். வாரங்கள் போயின. போஸ்ட்மேன் வரும் நேரம் பார்த்து வாசலில் நிற்பதும், சேம்பரில் போன் அடித்தால் காதைத் தீட்டிக்கொள்வதுமாக இருந்தேன். ஒரு கட்டத்தில் நான் எழுதிய ஒவ்வொரு வரியும் மனப்பாடமாகிவிட்டது. அதில் குற்றம் கண்டுபிடிப்பதே பிழைப்பாயிற்று. அங்கே அரைப்புள்ளி போட்டது தவறோ, இங்கே 'ஹெல்ட்' என்று எழுதியிருக்கக் கூடாதோ என்று தூக்கம் கெட்டது. என்னுடன் சீட்டு வாங்கிப் போன இன்னொரு ஜூனியர் இருந்தார். அவருடைய மாமா உயர் நீதிமன்றத்தில் பெரிய வக்கீல். மாமா ஒரு கல்யாணத்தில் ஆசிரியரைப் பார்த்துக் கேட்டுவிட்டார். இன்னும் எதையும் பார்க்கவில்லை, கோர்ட் விடுமுறையில் பார்ப்பேன் என்று பதில் வந்திருக்கிறது. அந்த ஒரு வரி அவரை நிம்மதியாக வைத்திருந்தது. எனக்கு அந்த ஒரு வரி கிடைக்கவில்லை. கேட்க எனக்கு யாரும் இல்லை. நானே போய்க் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற பயம்.

கடைசியில் பதில் வந்த விதம் வேடிக்கையானது. கடிதம் எதுவும் இல்லை. சேம்பருக்கு ஒரு பையன் கவர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே இரண்டு தீர்ப்புகள், கெடு தேதி எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. நான் எடுக்கப்பட்டுவிட்டேன் என்பதை அதிலிருந்துதான் புரிந்துகொண்டேன். அப்பாவிடம் சொல்ல ஓட்டமும் நடையுமாகக் கல்மண்டபம் வந்தேன்.

இனி, தேர்ந்தெடுக்கிற இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

எழுதுகிறவர்கள், தங்கள் ஆங்கிலத்தைத்தான் எடைபோடுகிறார்கள் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு அந்தப் பயம் இன்னும் அதிகம். நான் தாள்களில் தேடியது ஆங்கிலத்தை அல்ல. நீதிபதி ஒரு தரப்பு வக்கீலின் வாதத்தை இரண்டு பக்கம் விரிவாக எழுதுவார். அதற்கடுத்த பத்தியில் அதை நிராகரிப்பார். அவசரத்தில் படிக்கிறவர் அந்த இரண்டு பக்கத்தை நீதிமன்றத்தின் முடிவு என்று எடுத்து எழுதிவிடுவார். நடை எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தத் தாளை நான் கீழே வைத்துவிடுவேன். நடை தடுமாறினாலும் வாதம் எது, முடிவு எது, போகிற போக்கில் சொன்னது எது என்று பிரித்துக் காட்டியவரை விடமாட்டேன். நடையைச் சொல்லிக்கொடுக்கலாம். பிரித்துப் பார்க்கிற புத்தி இல்லாதவரிடம் இந்த வேலையைக் கொடுக்க முடியாது.

இன்னொன்று, சரிபார்க்கிற பழக்கம். மேலே சொன்ன டெமரேஜ் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.ஐ.ஆரில் அது 1975ஆம் ஆண்டுத் தொகுதியில் இருக்கும், எஸ்.சி.சி.யில் 1976ஆம் ஆண்டுத் தொகுதியில். அடிக்குறிப்பில் இரண்டையும் பார்த்த புதியவர், ஏதோ ஒன்று பிழை என்று நினைத்து ஒன்றைத் 'திருத்தி'விடுவார். கவனமுள்ளவர் எழுந்து போய் இரண்டு தொகுதியையும் எடுத்துப் பார்ப்பார். மாணவர் இதழ்களின் 'எடிட் டெஸ்ட்'டும் இதைத்தான் சோதிக்கிறது. வேண்டுமென்றே பிழைகளைத் தூவிய கட்டுரை ஒன்றைக் கொடுப்பார்கள். மேற்கோள் முறைக்கு 'புளூ புக்', ஆக்ஸ்ஃபோர்டின் 'ஆஸ்கோலா' என்று ஏதாவது ஒரு விதிப்புத்தகம். பிழையைக் கண்டுபிடித்தால் பாதி மதிப்பெண். பிழையில்லாத இடத்தில் கைவைக்காமல் இருந்தால் மீதி. இந்த இரண்டாவது பாதியில்தான் கெட்டிக்காரர்கள் நிறைய பேர் விழுவார்கள்.

ஹெட்நோட்களின் மதிப்பை உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஈஸ்டர்ன் புக் கம்பெனிக்கும் டி.பி. மோடக்குக்கும் நடந்த வழக்கில் 2007ல் வந்த தீர்ப்பு அது. தீர்ப்பின் மூல வாசகம் பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். ஆனால் ஆசிரியர் தன் அறிவைச் செலுத்தி எழுதும் ஹெட்நோட்டுக்கும், பத்தி பிரிப்பதில் காட்டும் தேர்ச்சிக்கும் உரிமை உண்டு என்றது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது, பெயர் போடாமல் எழுதிக்கொண்டிருக்கும் எங்களைப் போன்றவர்களை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி எனக்கு இருந்தது.

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். அப்பா காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறார். வெளியூர் சட்டப் பள்ளியில் படிக்கும் அவள், அங்குள்ள இதழுக்குத் தேர்வு எழுதிவிட்டு விடுமுறைக்கு வந்திருந்தாள். தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான் என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள். எனக்கும் அது பெரிய சந்தோஷம்தான். சீட்டு எழுதிக் கொடுக்க சீனியர் வேண்டியதில்லை. ராயபுரமா, நுங்கம்பாக்கமா என்று தாளைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் காலத்தில் இல்லாத நியாயம் இது.

நாள் போகப் போக அவள் முகம் சுண்டிவிட்டது. அவளுடைய அப்பா ஒரு நாள் என்னை வழியில் நிறுத்தினார். "வக்கீல் சார், இன்னா பரீட்சை சார் இது? எழுதி ஒரு மாசம் ஆவுது. பாஸா பெயிலான்னுகூடச் சொல்ல மாட்றாங்க. புள்ள சரியாவே சாப்பிட மாட்டேங்குது."

ஏன் தாமதமாகிறது என்று எனக்குத் தெரியும் என்பதால் அவருக்குச் சொன்னேன். திருத்துகிறவர்களும் மாணவர்கள்தான், அவர்களுக்கும் பரீட்சை இருக்கும். இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தி மதிப்பெண் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவரிடம் போகும். கடைசி இரண்டு இடத்துக்கு ஐந்தாறு பேர் சமமாக வந்து நிற்பார்கள். அதைப் பேசி முடிக்கவே வாரக்கணக்கில் ஆகும். பதில் வரவில்லை என்றால் அதற்கு அர்த்தம், இன்னும் முடிவாகவில்லை என்பது மட்டும்தான். அவர் தலையாட்டினார். பிறகு ஒன்று சொன்னார்: "அவ கூடப் படிக்கிற பொண்ணோட அண்ணன் முன்னாடி அந்தக் குழுவுல இருந்தானாம். அதுக்கு மட்டும் எல்லாம் தெரிஞ்சிருக்கு சார்."

எனக்குக் கல்யாண வீட்டில் விசாரித்த அந்த மாமா ஞாபகம் வந்தார். தாளில் பெயரை எடுத்துவிட்டோம். தேர்வு எழுதும் நேரத்தில் எல்லோரும் சமம். காத்திருக்கும் நேரத்தில் சமம் இல்லை. ஆள் தெரிந்தவர் விசாரித்துத் தெரிந்துகொள்கிறார். ஆள் தெரியாதவர், நமக்குக் கிடைக்காது என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார். அடுத்த ஆண்டு அவர் விண்ணப்பிப்பதே இல்லை. என்னிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன நல்ல கைகள் சில அப்படிக் காணாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் ஆள் அனுப்பியபோது ஒருவர் வங்கி வேலைக்குப் போயிருந்தார். இன்னொருவர் இந்தப் பக்கமே வர விருப்பமில்லை என்று சொல்லிவிட்டார். இரண்டு பேருமே வீட்டில் தொலைபேசி இல்லாதவர்கள்.

அந்த இருவரையும் இழந்த பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். தாளை வாங்கும்போதே முடிவு சொல்லும் தேதியைச் சொல்லிவிடுவேன். அந்தத் தேதிக்குள் முடியாவிட்டால், முடியவில்லை என்று ஒரு கார்டு போடுவேன். எடுக்காதவருக்கும் இரண்டு வரி எழுதுவேன்: எது நன்றாக இருந்தது, எங்கே தவறியது. இதற்கு ஒரு சனிக்கிழமை போகும். அதற்கு மேல் எந்தச் செலவும் இல்லை. பெரியவர்கள் சிலர் இது அநாவசியம் என்றார்கள். நான் விடவில்லை.

அந்தப் பெண்ணுக்கு முடிவு வந்தது. இடம் கிடைக்கவில்லை. வந்தது எண்களின் பட்டியல் மட்டும். வேறு ஒரு வரியும் இல்லை. எங்கே குறை என்று பணிவாகக் கேட்டு எழுதச் சொன்னேன். தயங்கித் தயங்கி எழுதினாள். பதில் வந்தது: அடிக்குறிப்புகள் மிகச் சரி, ஆனால் கட்டுரையாளரின் வாக்கியங்களைத் தேவையில்லாமல் மாற்றியிருக்கிறீர்கள் என்று. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் வந்து தீர்ப்புக்கு ஹெட்நோட் எழுதிப் பழகுகிறாள். எங்கள் காலத்தில் தொகுதிக்காக நூலகத்தில் தவம் கிடக்க வேண்டும். 2023 முதல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புத் தொகுப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஹெட்நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டு படிக்க, போன் இருந்தால் போதும். காத்திருக்கும் பிள்ளைகள் அந்த நாட்களை இப்படிக் கழிக்கலாம். இதழ் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இந்தப் பழக்கம் கோர்ட்டில் சோறு போடும்.

மாணவர் இதழ்களை நடத்தும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். தாளில் பெயரை மறைத்தது நல்ல காரியம், அதோடு நின்றுவிடாதீர்கள். அறிவிப்பிலேயே முடிவுத் தேதியை அச்சிடுங்கள். தள்ளிப்போனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள். தெரிந்தவர் கேட்டால் மட்டும் சொல்லாதீர்கள். இடம் கிடைக்காதவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். இதழே இல்லாத நம் அரசு சட்டக் கல்லூரிகள் இந்த ஆண்டே ஒன்றைத் தொடங்கட்டும். எடிட் டெஸ்ட் தாள் தயாரிக்கவும் திருத்தவும் ஆள் வேண்டும் என்றால் கூப்பிடுங்கள், வருகிறேன்.